லேசிக்குத் தன் மதிப்பெண் தெரியும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். 2060-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடக்கும் கதை. எல்லார் தலைக்கு மேலேயும் ஒரு எண் மிதந்துகொண்டிருக்கும். நல்லவர்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்குச் சிவப்பு. கதாநாயகன் எல்.ஆர்.டி.யில் ஒரு முதியவருக்கு எழுந்து இடம் கொடுக்க மாட்டான். எண் இறங்கும். வேலை போகும், காதலி போவாள், கடைசியில் அவனும் காட்டுக்குள் போய்விடுவான். பட்டர்வொர்த்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சின்ன வாசகர் வட்டத்தில் அதை வாசித்தேன். "செமடா" என்றார்கள். ஒருவன் இதைக் குறும்படமாக எடுக்கலாம் என்றுகூடச் சொன்னான்.

எங்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. நாவல்கள் எழுதியவர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று அழைப்பவர். கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் தே ஓவை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, அந்த நம்பர யாரு போடுறா?"

"சிஸ்டம்ணே."

"சிஸ்டம்னா யாரு?"

எனக்குப் பதில் இல்லை. "நீதானே எஞ்சினியரு, உனக்கே தெரியாதா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு பினாங்குப் பாலத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது காது சூடாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் பாதி என்னுடையது அல்ல. 'பிளாக் மிரர்' தொடரின் மூன்றாவது பருவத்தில், 2016-இல் வந்த 'நோஸ்டைவ்' என்ற அத்தியாயம்தான் அதன் அப்பா, அம்மா எல்லாம். நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். அரசாங்கம் மக்களைக் கண்காணிக்கிறது, மதிப்பெண் போடுகிறது என்று பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் "அந்த பிளாக் மிரர் எபிசோட் மாதிரி" என்று ஆரம்பிப்பார். சீனாவின் சமூக நம்பக மதிப்பீட்டு முறையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த செய்திகள் பலவற்றில் இதே ஒப்பீடுதான். அண்ணன் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை மறுபடியும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

லேசி பவுண்ட் என்ற இளம்பெண். பிரைஸ் டாலஸ் ஹோவர்ட் நடித்திருப்பார். அவள் உலகத்தில் யாரும் யாருக்கும் கைப்பேசியில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். காப்பிக் கடைக்காரர், மின்தூக்கியில் கூட வருபவர், பழைய பள்ளித்தோழி, யாராக இருந்தாலும். லேசியிடம் 4.2 இருக்கிறது. நல்ல குடியிருப்பில் தள்ளுபடியோடு வீடு கிடைக்க 4.5 வேண்டும். உயர்ந்த மதிப்பெண் வைத்திருக்கும் பால்யத்தோழி நயோமி கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள். அங்கே போய் எல்லாரையும் உருக வைக்கும் ஓர் உரையாற்றினால் எண் ஏறும். அப்படிப் புறப்பட்டுப் போகிற பயணத்தில் எல்லாமே சரிகிறது. விமானம் ரத்தாகிறது, இவள் கத்துகிறாள், எண் இறங்குகிறது. இறங்கிய எண்ணுக்கு வாடகைக்குக் கிடைப்பது ஓர் ஓட்டைக் கார். அதுவும் வழியில் நின்றுவிடுகிறது. கடைசியில் சேறும் அழுக்குமாகக் கல்யாணத்தில் நுழைந்து ரகளை பண்ணி, சிறைக்குப் போகிறாள்.

நன்றாக எடுக்கப்பட்ட படைப்பு. அதை மறுக்க மாட்டேன். லேசி கண்ணாடி முன் நின்று சிரிப்பைப் பழகும் காட்சியைப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நாமும் அதைச் செய்கிறோம். பிஸ்கட்டை ஒரு கடி கடித்துத் தட்டில் அழகாக வைத்துப் படம் எடுப்பாளே, அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் இன்ஸ்தாகிராம் பக்கம் போகவில்லை. இரண்டே நாள்தான்.

ஆனால் அண்ணனின் கேள்வியை இங்கே கேட்டுப்பாருங்கள். அந்த நம்பரை யார் போடுகிறார்கள்? எல்லாரும். நீயும் நானும். ஒருவர் குறைத்துப் போட்டால் அந்த நொடியே லேசிக்குத் தெரிகிறது. யார் போட்டது, ஏன் போட்டது என்பதுகூடப் பெரும்பாலும் தெரிகிறது. எண் எப்படி ஏறும் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார். அந்த உலகத்தில் அரசாங்கம் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. விமான நிலையத்தில் ஒரு காவலர் வந்து ஒரு முழு புள்ளியைத் தற்காலிகமாகக் குறைக்கிறார். கடைசியில் ஒரு சிறை வருகிறது. அவ்வளவுதான். மிச்சம் முழுக்க மனிதர்களின் அற்பத்தனம். ஆகவே பார்க்கிறவன் என்ன முடிவுக்கு வருவான்? 'மனுஷங்க இப்படித்தான், லைக்குக்கு அலையுறாங்க' என்று. குற்றவாளி லேசிதான். அவள் அந்த எண்ணை விரும்பினாள், அதனால் விழுந்தாள்.

இதில் ஒரு காட்சி மட்டும் வேறு மாதிரியானது. நடுவழியில் நிற்கும் லேசிக்கு சூசன் என்ற லோரி ஓட்டும் அம்மாள் உதவுவார். அவருடைய எண் 1.4. அவரும் ஒரு காலத்தில் எண்ணைத் துரத்தியவர்தான். கணவருக்குப் புற்றுநோய் வந்தது. அவருக்கு 4.3. மருத்துவமனைப் படுக்கை 4.4 வைத்திருந்த வேறொருவருக்குப் போனது. கணவர் செத்துப்போனார். அதன்பிறகு சூசன் மனதில் பட்டதை எல்லாம் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார், எண் தரைக்கு வந்தது.

முதல்முறை பார்த்தபோது இந்தக் காட்சி மனதைத் தொட்டது. இரண்டாவது முறை எரிச்சல் வந்தது. கதையே இதுதானே? அந்தப் படுக்கைக்கு 4.4 வேண்டும் என்ற விதியை எழுதியது யார்? எந்த மேசையில்? அந்த மருத்துவமனை ஊழியர் அதைச் சூசனிடம் எந்த வார்த்தைகளில் சொன்னார்? இதில் ஒன்றைக்கூட அத்தியாயம் கேட்கவில்லை. லேசிக்கு ஞானம் பிறப்பதற்கான ஒரு முன்கதையாகச் சூசனின் கணவரைச் சில நிமிடங்களில் சாகடித்துவிட்டு, கல்யாண வீட்டு நகைச்சுவைக்கு ஓடிவிடுகிறது.

இனி உண்மையில் நடப்பது.

சீனாவில் நாட்டு மக்கள் அனைவருக்கும் ஒரே மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 2014-இல் சீன அரசவை, 2020-க்குள் ஒரு சமூக நம்பக அமைப்பைக் கட்டியெழுப்பும் திட்ட வரைவை வெளியிட்டது உண்மை. ஷாண்டோங் மாநிலத்தின் ரோங்செங் போன்ற நகரங்களில் ஆளுக்கு 1000 புள்ளி கொடுத்து, போக்குவரத்துக் குற்றத்துக்கு ஐந்து புள்ளி கழித்து, நற்செயலுக்குக் கூட்டி, சோதனை செய்ததும் உண்மை. 350 முதல் 950 வரை எண் கொடுத்த 'செசமி கிரெடிட்' வேறு. அது 2015-இல் அலிபாபாவோடு தொடர்புடைய நிறுவனம் ஒன்று ஆரம்பித்த வணிகச் சேவை. பத்திரிகைகள் இவற்றையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, மேலே 'நோஸ்டைவ்' என்று எழுதிவைத்தன.

நடைமுறையில் ஏராளமானவர்களைக் கடித்தது புள்ளி அல்ல, பட்டியல். சீன உச்ச மக்கள் நீதிமன்றம் 2013 முதல் ஒரு கறுப்புப் பட்டியலை நடத்துகிறது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றாதவர்கள், முக்கியமாகக் கடனைக் கட்டாதவர்கள், அதில் ஏற்றப்படுவார்கள். பேச்சு வழக்கில் அவர்களை 'லாவ்லாய்' என்கிறார்கள். பட்டியலில் பெயர் ஏறினால் விமானம் கிடையாது, அதிவேக ரயில் கிடையாது. 2018-ஆம் ஆண்டு இறுதிவரை மொத்தம் 17.5 மில்லியன் முறை விமான டிக்கெட்டும், 5.5 மில்லியன் முறை ரயில் டிக்கெட்டும் மறுக்கப்பட்டதாகச் சீன அரசு மையமே அறிவித்தது.

எஞ்சினியராக இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இதில் செயற்கை நுண்ணறிவு ஒரு மண்ணும் இல்லை. அடையாள எண் என்ற ஒரு சாவி, ஓர் அட்டவணை, அதில் 'ஆம்', 'இல்லை' என்ற ஒரே கட்டம். டிக்கெட் விற்கும் கணினி அந்தக் கட்டத்தை மட்டும் எட்டிப்பார்க்கும். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒரு மத்தியானத்தில் எழுதிவிடும் நிரல். நம் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தது. கல்விக் கடன் பாக்கி வைத்தவர்கள் நாட்டைவிட்டு வெளியே போக முடியாத தடை, 2018 தேர்தலுக்குப் பிறகுதான் நீங்கியது. அப்போது எங்கள் சீனியர்கள் மலிவு டிக்கெட்டைக் கண்டால் முதலில் திறப்பது விமான நிறுவனத்தின் பக்கத்தை அல்ல, குடிநுழைவுத் துறையின் பக்கத்தை. அடையாள அட்டை எண்ணைத் தட்டிப்பார்த்து, பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேங்காக் கனவு. சீனாவும் மலேசியாவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரே ஒரு கட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு எதிர்காலக் கதை தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

லியூ ஹூ என்ற சீனப் பத்திரிகையாளர் ஊழலைப் பற்றி எழுதியவர், அவதூறு வழக்கில் தோற்றவர். 2017-இல் விமான டிக்கெட் வாங்கப் போனபோது அவருக்குத் தகுதி இல்லை என்று வந்தது. அப்போதுதான் தான் பட்டியலில் இருப்பதே அவருக்குத் தெரியும். முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அவர் வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னார். இன்னொருவர் வழக்கறிஞர். நீதிமன்றம் சொன்னபடி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் உண்மையான வருத்தம் இல்லை என்று நீதிமன்றம் கருதியது, பெயர் பட்டியலில் ஏறியது. வேலையாகத் தொலைதூர ஊருக்குப் போனவர், திரும்பி வர டிக்கெட் வாங்க முடியாதபோதுதான் அதை அறிந்தார். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இதைப் பதிவு செய்திருக்கிறது.

யோசித்துப்பாருங்கள். ஒரு மன்னிப்புக் கடிதத்தில் நேர்மை இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்வது விமர்சகனின் வேலை. ஒரு வாக்கியம் போலியாக ஒலிக்கிறது என்று நாம் தினமும் எழுதுகிறோம். அங்கே அந்த விமர்சனத்துக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியை அடைக்கும் அதிகாரம் இருந்தது.

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் நான் டெஸ்ட் எஞ்சினியர். சிப்பைச் சோதிக்கும் இயந்திரம் ஒவ்வொன்றையும் அளந்து ஒரு 'பின்'னில் போடும். ஒன்றாம் பின் நல்லது, மற்றதெல்லாம் ஏதோ ஒரு வகையில் தோல்வி. நல்ல சிப்பையே தப்பாகத் தள்ளிவிட்டால் அதற்கு எங்கள் தொழிலில் 'ஓவர்கில்' என்று பெயர். ஓவர்கில் கூடிப்போனால் காலைக் கூட்டத்தில் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு சிப்பும் காசு. அதனால் ரீடெஸ்ட் உண்டு. சாக்கெட்டில் அழுக்கா, காண்டாக்ட் சரியில்லையா, எல்லாம் பார்த்து இன்னொரு தடவை ஓட்டுவோம். ஆட்களைத் தரம் பிரிக்கிற அமைப்பில் ஓவர்கில் யாருக்குச் செலவு? தள்ளப்பட்டவனுக்கு மட்டும். அந்த அறிக்கையைக் காலைக் கூட்டத்தில் கேட்க ஆளில்லை. என் சிப்புகளுக்குக் கிடைக்கும் மரியாதைகூட அந்த வழக்கறிஞருக்குக் கிடைக்கவில்லை.

சீனர்களுக்கே இதெல்லாம் சம்மதமா என்று சிலர் கேட்பார்கள். 2010-இலேயே ஜியாங்சு மாநிலத்தின் சூய்னிங் மாவட்டம் ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அரசு அலுவலகத்தின் முன் கூடி முறையிட்டாலும் புள்ளி போகும். அதைச் சீன ஊடகங்களே கிழித்தன. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கொடுத்தார்களே 'நல்ல குடிமகன்' சான்று, அதுபோல இருக்கிறது என்று எழுதினார்கள். அந்த வரலாறு நமக்கும் தூரத்தில் இல்லை. 1942-இல் சிங்கப்பூர் விழுந்த சில நாட்களில் ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தியது. பல இடங்களில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன் தலையசைப்பான். அதை வைத்து லோரியா வீடா என்று முடிவாகும். தப்பித்தவர்களுக்குத் துண்டுத்தாளிலோ சட்டையிலோ தோலிலோ 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை. கையில் குத்திய முத்திரை அழிந்துவிடக்கூடாதென்று நாள்கணக்கில் கழுவாமல் இருந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகள் உண்டு. இதே கடைத்தெருக்களில், இதே பள்ளித் திடல்களில் நடந்தது. என் கதையில் பச்சை எண்ணுக்காக நான் 2060 வரைக்கும் போயிருந்தேன்!

இதில் ஒரு சம்பவத்தை மட்டும் நான் கதையாக எழுதியிருந்தால் அண்ணன் 'ஓவரா இருக்கு' என்று அடித்திருப்பார். 2018-இல் சிச்சுவான் மாநிலத்தில் ஒரு மாவட்ட நீதிமன்றம், 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படம் தொடங்குவதற்கு முன் கடன் கட்டாதவர்களின் முகங்களைத் திரையில் காட்டியது. பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால், உள்ளூர்க்காரரின் முகம், பெயரோடு. 'நோஸ்டைவ்' எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி தோன்றவில்லை. அவர்களுடைய கற்பனை கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வரை போனது. நீதிமன்றத்தின் கற்பனை ஊர் அறிவிப்புப் பலகையைத் தாண்டவில்லை, தாண்டத் தேவையும் இருக்கவில்லை.

இதுவரை சொன்னது கடன், வழக்கு. ஷின்ஜியாங் வேறு.

அங்கே உண்மையிலேயே புள்ளி போட்டார்கள். உரும்ச்சியில் 2017 வாக்கில் குடியிருப்புக் குழுக்கள் நிரப்பிய ஒரு படிவம் வெளியே வந்தது. அதை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் 100 புள்ளியில் ஆரம்பம். தினமும் தொழுகிறவரா, பத்து கழியுங்கள். கடவுச்சீட்டு இருக்கிறதா, பத்து. வெளிநாட்டில் உறவினர் உண்டா, பத்து. வேலை இல்லையா, பத்து. பட்டியலில் இன்னொரு வரி: உய்குர் இனத்தவரா, பத்து. கடைசியில் கூட்டிப்பார்த்து நம்பத்தக்கவர், சராசரி, நம்பத்தகாதவர் என்று மூன்று வகை. நம்பத்தகாதவர்கள் போன இடம் முகாம்.

அந்தப் 'பத்து'க்கு முன்னால் லேசியை நிறுத்திப்பாருங்கள். அவள் சிரிப்பைப் பழகலாம், உரையைத் திருத்தலாம், பிஸ்கட்டைப் படம் எடுக்கலாம். 4.2 என்பது அவள் நடத்தைக்கான எண், ஆகவே அது ஏறக்கூடியது. உரும்ச்சியில் பிறந்த உய்குர் குழந்தை என்ன பழகும்? அங்கே மதிப்பெண் என்பது ஒருவர் செய்ததற்குக் கிடைத்த பலன் அல்ல. முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதிய கணக்கு.

இதோடு சேர்ந்து இயங்கிய காவல்துறைச் செயலி ஒன்றை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பிரித்து ஆராய்ந்து 2019-இல் அறிக்கை வெளியிட்டது. அதிகமாக மின்சாரம் பயன்படுத்துவது, அக்கம்பக்கத்தாரோடு பழகாமல் இருப்பது, முன்வாசலைப் பெரும்பாலும் தவிர்ப்பது, இதெல்லாம் விசாரணைக்குரிய அறிகுறிகள். இவற்றை வாசித்தபோது எனக்கு ஓர் ஐயம் வந்தது: இதைப் புனைவால் தொட முடியுமா? 'பின்வாசல் வழியாகப் போனதால் கைதானான்' என்று எழுதினால் காஃப்காவின் நகல் என்பார்கள். தரவுத்தளங்களின் அபாயத்தைப் புரிந்துகொள்ள ஆர்வெல்லைவிட 'விசாரணை'யே சரியான நூல் என்று டேனியல் சோலோவ் என்ற சட்ட அறிஞர் முன்பே எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசப் க.வுக்கும் ஒரு வசதி உண்டு. அவன் தனி ஆள். அவனைக் கைதுசெய்ய வருகிறவர்கள் காலை உணவு நேரத்தில் வருகிறார்கள்.

புனைவு தொடாத இடத்தை ஒரு நினைவுக்குறிப்பு தொட்டிருக்கிறது. தாஹிர் ஹாமுத் இஸ்கில், உய்குர் கவிஞர், திரைப்பட இயக்குநர். 2017-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பியவர். ஜோஷுவா ஃப்ரீமன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2023-இல் வந்த 'வெயிட்டிங் டு பி அரெஸ்டட் அட் நைட்' அவருடைய நூல். 'இரவில் கைதாகக் காத்திருத்தல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

நூலில் ஒருநாள் கவிஞரும் அவர் மனைவியும் காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். நிலவறையில் வரிசை. ரத்தம் எடுக்கிறார்கள், கைரேகை எடுக்கிறார்கள், குரலைப் பதிவுசெய்கிறார்கள். கேமராவின் முன் முகத்தை மெதுவாகத் திருப்பச் சொல்கிறார்கள், வாயைத் திறந்து மூடச் சொல்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இஸ்கில் இதை எழுதும் தொனி எனக்கு ஆச்சரியம். குரல் உயரவே இல்லை. ஒரு கவிஞன் எழுதியது என்று சொல்லாவிட்டால் தெரியாது, உவமை தேடினால்தான் கிடைக்கும். கண்காணிப்பைப் பற்றி எழுதுகிற நாம் எல்லாரும் உவமையில் விழுகிறோம், 'ஆயிரம் கண்கள்', 'இயந்திரக் கழுகு' என்று. அவருக்கு அது தேவைப்படவில்லை. வரிசையில் நின்றவருக்கு அடுத்து என்ன செய்யச் சொல்வார்கள் என்பது மட்டும்தான் முக்கியம்.

நூலில் குறையே இல்லையென்று சொல்ல மாட்டேன். பெயர்கள் ஏராளம். ஆரம்பத்தில் யார் யார் என்று குழம்பி, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் வாசித்தேன். ஆனால் பின்னால் அந்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும்போது என் தாளிலும் பெயர்களை அடிக்க வேண்டியிருந்தது. அப்போது அந்தக் குழப்பத்தைப் பற்றிப் புகார் சொல்ல மனம் வரவில்லை.

எனக்குள் தங்கிவிட்டது இது. நண்பர்கள் நள்ளிரவில் பிடிபடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இஸ்கில் படுக்கைக்குப் பக்கத்தில் கனத்த உடைகளை எடுத்துவைத்துக்கொண்டு தூங்க ஆரம்பிக்கிறார். வந்தால் உடை மாற்ற நேரம் கொடுப்பார்களோ என்னவோ, சிறையின் தரை குளிராக இருக்கும். அவ்வளவுதான் காட்சி. எண் இல்லை, திரை இல்லை, கேமராகூட இல்லை. மடித்துவைத்த துணி.

இப்போது 'நோஸ்டைவ்' முடிவுக்கு வருகிறேன். சிறையில் லேசியின் கண்ணிலிருந்து அந்தக் கருவியை எடுத்துவிடுகிறார்கள். எதிர் அறையில் ஓர் ஆண். இருவரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள். திட்டத் திட்ட முகம் மலர்கிறது. எண்ணிலிருந்து விடுதலை! பார்க்கிற நமக்கும் ஒரு குதூகலம். முதல்முறை நான் கைதட்டினேன் என்றே நினைக்கிறேன். துணியை மடித்துவைத்தவரை வாசித்த பிறகு அந்தக் குதூகலம் எனக்கு வரவில்லை. சிறைக்கூடம்தான் சுதந்திரம் என்பது, கதவு தட்டப்படுமோ என்று ஓர் இரவும் விழித்திருக்காதவர்கள் எழுதக்கூடிய முடிவு. என் கதாநாயகன் காட்டுக்குள் ஓடியதும் அதே ரகம்தான்.

இதை நண்பன் ஒருவனிடம் சொன்னபோது அவன் விடவில்லை. "டேய், அது சட்டையர். டாக்குமெண்டரி இல்ல. இன்ஸ்தாகிராம நக்கல் பண்ணுது, அதுல ஷின்ஜியாங்க தேடுனா எப்படி?" நியாயம்தான். இன்ஸ்தாகிராமைப் பற்றிய அங்கதமாக அந்த அத்தியாயத்தின் மேல் எனக்கு வழக்கு இல்லை, சூசனைத் தவிர. என் வழக்கு நம்மோடு. அரசு மக்களை வகைபிரிப்பதைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நாம் அதைக் கையில் எடுக்கிறோம். எடுத்த மாத்திரத்தில் பேச்சு அதிகாரத்திலிருந்து நழுவி மனித பலவீனத்துக்குப் போய்விடுகிறது. மனித பலவீனத்தைப் பற்றிப் பேசுவது யாருக்கும் ஆபத்தில்லை. நம் சிறுகதைப் போட்டிகளுக்கு அப்படிப்பட்ட கதைகள் வரிசையாக வருகின்றன, பரிசும் வாங்குகின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு வசதியான பாதை உண்டு. 2006-இல் வந்த 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' என்ற ஜெர்மன் படம் எனக்கு மிகவும் பிடித்தது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ்காரர் வீஸ்லர், ஒரு நாடகாசிரியரின் வீட்டை ஒட்டுக்கேட்டுக் கேட்டே மனம் மாறி, அவரைக் காப்பாற்றிவிடுகிறார். சுவர் விழுந்த பின் அந்த நாடகாசிரியர் ஆவணக்காப்பகத்தில் தன் கோப்பை வாசித்து அதைத் தெரிந்துகொள்கிறார். இங்கே கண்காணிப்புக்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகத்துக்கு ஒரு மனசாட்சியும் இருக்கிறது. ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறை நினைவகத்தின் இயக்குநர் இந்தக் காரணத்தால்தான் அங்கே படம்பிடிக்க அனுமதி மறுத்தார்: ஸ்டாசி ஆளை நாயகனாக்குகிறீர்கள் என்று. ஒட்டுக்கேட்பவர் பியானோ இசையில் கலங்கலாம். 'ஆம், இல்லை' என்ற கட்டம் எதைக் கேட்டுக் கலங்கும்?

சென்ற மாதம் என் கதையைத் திருத்தி எழுதினேன். 2060 போயிற்று. மிதக்கும் எண்களும் போயின. இப்போது ஒருவன் டிக்கெட் கவுண்டரில் நிற்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகவேண்டும். கவுண்டரில் இருக்கும் பெண் அவனுடைய ஐ.சி.யை வைத்துத் தட்டிப்பார்த்துவிட்டு, "சிஸ்டம் ஏத்துக்கல" என்கிறாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. இன்னொரு தடவை தட்டச் சொல்கிறான், தட்டுகிறாள். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. கதை அந்தக் கவுண்டரை விட்டு நகர்வதே இல்லை. முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அண்ணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"இப்பவும் யாரு போட்டதுன்னு நீ சொல்லலையே தம்பி."

"அவனுக்கே தெரியாதுண்ணே. அதான் கதை."

"சரி, அவனுக்குத் தெரியாது. அந்த கவுண்டர் பிள்ளை?"

"அவளுக்கும் தெரியாதுண்ணே."

"ஏன் போட்டாங்கன்னு தெரியாது, சரி. ஆனா 'போக முடியாது'ன்னு சொன்னது அவதானே? சொல்லிட்டு அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி அவ என்ன செஞ்சா?"

உரும்ச்சியின் அந்தப் படிவத்தையும் யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய், பேனாவால் நிரப்பியிருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு பத்தையும் கழித்து, கீழே கூட்டுத்தொகை எழுதியிருக்க வேண்டும். கதையை மறுபடி திறந்து பார்த்தேன். கவுண்டர் பெண்ணுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை.